பாட்டியின் கையும் பதக்கம் கொடுத்தவரின் பேச்சும்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது:

"பால்மரத் தோட்டத்தில் என் பாட்டி ஒரு விடியற்காலை செய்த வேலையை மட்டும் வைத்து ஒரு சிறுகதை எழுதிப் போட்டிக்கு அனுப்பினேன். 'நடை நன்று. ஆனால் இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?' என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. நண்பர்கள் நான் 'கலை கலைக்காகவே' கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்கிறார்கள். அது வசதியான வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த சொகுசு, தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார்கள். அப்படித்தானா டீச்சர்?"

தம்பி, உங்கள் கதையை இரண்டு தடவை படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, இந்தப் பேச்சு எங்கே, யாருக்கு எதிராகக் கிளம்பியது என்று பார்க்க வேண்டும்.

1830களின் பாரிஸ். ஒரு கவிதைத் தொகுப்போ நாவலோ வந்தால் பத்திரிகைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் பிடித்துக்கொள்ளும். ஒழுக்கத்தைக் காக்கிறவர்கள், "இதைப் படித்தால் பெண்பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?" என்பார்கள். முன்னேற்றம் பேசுகிறவர்கள், "இதனால் ஏழைக்கு என்ன கிடைக்கும்?" என்பார்கள். உங்கள் கதைக்கு வந்த குறிப்பு ஏறத்தாழ 200 வருஷப் பழசு என்று தெரிந்துகொள்ளுங்கள். தெயோஃபில் கோத்தியே என்ற இளைஞருக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று. 1834-ல், 22 வயதில், தன் நாவலுக்கு ஒரு முன்னுரை எழுதினார். அடுத்த வருஷம் அச்சில் வந்தது. எதற்கும் உதவாத பொருள்தான் உண்மையில் அழகானது, உதவுகிறதெல்லாம் அசிங்கம், ஒரு வீட்டிலேயே மிகவும் உபயோகமான இடம் கக்கூஸ்தான் என்று அதில் போட்டு உடைத்தார். கோபத்தில் எழுதியது, அதனால்தான் இவ்வளவு சத்தம். இதை அமைதியாக, தத்துவமாக, 1790-லேயே ஜெர்மன் தத்துவஞானி கான்ட் சொல்லியிருந்தார். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை வாசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு மல்லிகை முழம் இத்தனை வெள்ளி. கல்யாண வீட்டுக்காரருக்கு இன்னும் இருபது முழம் வேண்டும். வாங்கவும் இல்லாமல் விற்கவும் இல்லாமல் ஒரு நொடி அதைப் பார்த்து நின்றீர்களே, அந்த நொடியில் வருகிற மகிழ்ச்சிக்குத்தான் அழகு என்று பெயர் என்றார் அவர். 'கலைக்காகக் கலை' என்ற சொற்றொடரும் பிரான்சில் கோத்தியேவுக்கு முன்பே பேச்சில் இருந்தது. அதைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு வந்தவர் கோத்தியே.

அந்தச் சண்டை நீதிமன்றம் வரைக்கும் போனது. 1857-ல் எர்னஸ்ட் பினார் என்ற ஒரே அரசு வழக்கறிஞர் இரண்டு எழுத்தாளர்கள்மேல் அடுத்தடுத்து வழக்கு நடத்தினார். குஸ்தாவ் ஃப்ளோபெர் தன் 'மதாம் பொவாரி' நாவலுக்காகக் கூண்டில் நின்று பிப்ரவரியில் விடுதலை ஆனார். ஆகஸ்டில் கவிஞர் போதலேர் தன் 'தீமையின் மலர்கள்' தொகுப்புக்காக மாட்டிக்கொண்டார். 300 பிராங்க் அபராதம், 6 கவிதைகளை எடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பு. அந்தத் தடை நீங்க 1949 வரை ஆயிற்று. போதலேர் அந்தத் தொகுப்பைக் கோத்தியேவுக்குத்தான் காணிக்கையாக்கியிருந்தார்.

இங்கிலாந்தில் வால்டர் பேட்டர் என்ற கல்லூரி ஆசிரியர் 1873-ல் ஒரு நூலின் முடிவுரையில், வாழ்கிற ஒவ்வொரு கணத்தையும் ரத்தினத்தின் சுடர்போல எரிந்து அனுபவிப்பதே வாழ்க்கையின் வெற்றி என்று எழுதினார். இளைஞர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து 1877 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, 1888-ல் கொஞ்சம் மாற்றி மறுபடி சேர்த்தார். ஆஸ்கார் வைல்ட் 1891-ல், 'டோரியன் கிரேயின் ஓவியம்' நாவலின் முன்னுரையில், ஒழுக்கமான புத்தகம், ஒழுக்கங்கெட்ட புத்தகம் என்று எதுவும் கிடையாது, நன்றாக எழுதப்பட்டது, மோசமாக எழுதப்பட்டது, அவ்வளவுதான் என்றார். 1895-ல் அந்த நாவலின் வரிகளையே நீதிமன்றத்தில் படித்துக் காட்டி அவரைக் குடைந்தார்கள். அந்த ஆண்டே வேறு குற்றச்சாட்டில் இரண்டு வருஷக் கடுங்காவல் தண்டனை. 1900-ல், 46 வயதில், பாரிஸில் வறுமையில் இறந்தார். அதே 1891-ல் அவர் சோஷலிசத்தை ஆதரித்து ஒரு நீண்ட கட்டுரையும் எழுதியிருக்கிறார். அவர் காலத்தவரான வில்லியம் மாரிஸ், சுவர்த்தாளும் துணியும் கண்ணைப் பறிக்கும் அழகில் வரைந்தவர், தொழிலாளர் கூட்டங்களில் தெருமுனையில் நின்று பேசியவர். எனவே 'சொகுசுக்காரர்கள்' என்று எல்லாரையும் ஒரே கோணியில் கட்டிவிட முடியாது.

ஆனாலும் உங்கள் நண்பர்கள் பக்கம் நான் நிற்கிற இடம் ஒன்று உண்டு. கோத்தியே அதே முன்னுரையில், ரஃபேலின் அசல் ஓவியம் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால் பிரெஞ்சுக் குடிமகன் என்ற என் உரிமைகளைச் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பேன் என்கிறார். முதல் தடவை படித்தபோதே எனக்கு இது தொண்டையில் சிக்கியது. என் அப்பா குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைக்குமேல் துணி சுற்றி, டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனு எழுதித் தரச் சொல்லி கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு வாசலில் எத்தனை சாயங்காலம் நின்றிருக்கிறார். உரிமையை விட்டுக்கொடுப்பேன் என்று சொல்வதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டும். அந்த வரியை எந்த மலேசியத் தமிழ் எழுத்தாளரும் தன் வரியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியென்றால் அந்தக் கூட்டத்தை மொத்தமாகத் தள்ளிவிடலாமா? நானும் கல்லூரிக் காலத்தில் தள்ளித்தான் வைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஃப்ளோபெரின் ஒரு பக்கம்.

ஃப்ளோபெரைவிடத் தீவிரமாகக் கலையைக் கலைக்காகவே செய்தவர் யாருமில்லை. எதைப் பற்றியும் அல்லாத ஒரு புத்தகம், நடையின் பலத்தில் மட்டுமே நிற்கிற ஒரு புத்தகம் எழுத ஆசை என்று 1852 ஜனவரியில் ஒரு கடிதத்தில் எழுதியவர். 'மதாம் பொவாரி'க்கு ஏறத்தாழ 5 வருஷம் எடுத்துக்கொண்டார். அதில் ஒரு விவசாயக் கண்காட்சி வருகிறது. மேடையில் அரசாங்க அதிகாரி, நாட்டுக்கு உழவு என்ன தருகிறது, உழைப்பு எவ்வளவு உயர்ந்தது என்று நீட்டி முழக்குகிறார். பிறகு பரிசு. கத்ரீன் லெரூ என்ற கிழவியைக் கூப்பிடுகிறார்கள். ஒரே பண்ணையில் 54 வருஷம் வேலை செய்ததற்காக 25 பிராங்க் மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம். கிழவி வரவில்லை. "போ", "இடது பக்கம்", "பயப்படாதே" என்று கூட்டத்தில் குரல்கள். கடைசியில் மரச்செருப்பும் பெரிய நீல ஏப்ரனுமாக, நடுங்கிக்கொண்டு ஒரு சின்ன உருவம் மேடைக்கு வருகிறது.

அங்கே ஃப்ளோபெர் அவள் கைகளைப் பார்க்கிறார். களத்துத் தூசியும், துணி வெளுக்கும் காரமும், ஆட்டு மயிரின் பிசுக்கும் ஏறி ஏறி, நல்ல தண்ணீரில் கழுவியிருந்தும் அழுக்காகவே தெரிகிற கைகள். வேலை செய்தே பழகிப்போனதால் பாதி திறந்தபடியே நிற்கிறது கை. தான் பட்ட பாட்டுக்கெல்லாம் தானே அடக்கமாகச் சாட்சி சொல்ல வந்ததுபோல. அவ்வளவுதான். அவளுக்காக ஒரு கண்ணீர் இல்லை, முதலாளிக்கு ஒரு சாபம் இல்லை. பதக்கத்தை வாங்கிக்கொண்டு, "எனக்காகப் பூசை வைக்கச் சொல்லி சாமியாரிடம் கொடுத்துவிடுவேன்" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போகிறாள்.

நான் இதைப் படித்தது மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில், ஆங்கில மொழிபெயர்ப்பில். அந்தக் கை வந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் அம்மா காஜாங் பக்கத்துத் தோட்டமொன்றில் 31 வருஷம் பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுத்தார். ஓய்வு பெறும் நாளில் ஆபீஸ் முன்னால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், ஒரு மேசை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மானேஜர் ஆங்கிலத்தில் பேசினார். கிராணி தமிழில் சொன்னார்: "உழைப்பே உயர்வு தரும் என்பதற்கு இந்த அம்மாள் ஓர் எடுத்துக்காட்டு." எல்லாரும் கை தட்டினோம். அம்மா கடிகாரத்தை நாளிதழ்த் தாளில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்து வந்தார். அப்பா ஆணி அடித்து மாட்டினார். அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. 31 வருஷமும் பெரட்டு மணிச் சத்தத்தில் எழுந்தவர். மறுநாளும் கடிகாரத்தைப் பார்க்காமல் இருட்டில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, வேலை இல்லை என்று ஞாபகம் வந்தும் படுக்கத் தெரியாமல், அடுப்பு மூட்டினார்.

அப்போது நான் நாலாம் படிவம். அந்த மாதமே ஒரு கட்டுரைப் போட்டிக்கு 'என் தாய்' என்று எழுதினேன். கடிகாரம் இருந்தது, கைதட்டல் இருந்தது, கடைசி வரியாக "உழைப்பே உயர்வு தரும்" என்பதும் இருந்தது. முதல் பரிசு கிடைத்தது. அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது என்பதை எழுதவில்லை. கருத்துக்கு அது ஒத்துவரவில்லை.

நூலகத்தில் எனக்கு விளங்கியது இதுதான். ஃப்ளோபெரின் காட்சியில் உபதேசம் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது, ஆனால் அது மேடையில் நின்று பதக்கம் கொடுக்கிறவரின் வாயில் இருக்கிறது. எழுத்தாளர் எடுத்துக்கொண்டது கையை. நானோ என் தாயைப் பற்றி எழுத உட்கார்ந்து, மானேஜர் சொல்லி கிராணி மொழிபெயர்த்த வாக்கியத்தை என் வாக்கியமாக வைத்து முடித்திருந்தேன். அழகையே கட்டிக்கொண்டு அழுதார் என்று நாம் சொல்கிற பிரெஞ்சுக்காரர் ஒரு வேலைக்காரக் கிழவிக்கு நியாயமாக நடந்துகொண்டார். சமுதாயத்துக்காக எழுதிய நான் என் அம்மாவுக்கு அப்படி நடந்துகொள்ளவில்லை.

அதற்காக ஃப்ளோபெருக்குக் கூலிக்காரர்கள்மேல் தனிப் பாசம் என்று எண்ண வேண்டாம், அவர் கடிதங்களில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு வாக்கியம் சரியாக வர வேண்டும் என்ற பிடிவாதம்தான் அவரை அந்தக் கைவரை கொண்டுபோய் நிறுத்தியது. 'கை கரடுமுரடாக இருந்தது' என்று எழுதிவிட்டுப் போக அவர் மனம் கேட்கவில்லை. எதனால் கரடுமுரடு, கழுவினால் போகுமா, சும்மா இருக்கும்போது அது எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. 'உருவம்' 'உருவம்' என்று இலக்கியக்காரர்கள் சொல்வது இந்தப் பார்வையைத்தான். கருத்தை ஊற்றி வைக்கிற பாத்திரம் என்று அதைப் புரிந்துகொண்டதால் தமிழில் எவ்வளவு சண்டை! விமர்சகர் க.நா.சு. பக்கத்தார் தரம் என்றார்கள், மார்க்சிய விமர்சகர் கைலாசபதி பக்கத்தார் வர்க்கம் என்றார்கள். இருவரிடமும் நான் கற்றிருக்கிறேன். ஆனால் ஒரு கதையை எடுத்து வரி வரியாகக் காட்டிய இடங்களில்தான் இரண்டு தரப்பும் எனக்குப் பயன்பட்டன.

நம் மரபிலேயே இதற்கு இடமில்லை என்று சிலர் நன்னூலைக் காட்டுவார்கள்: "அறம்பொருள் இன்பம்வீ டடைதல்நூற் பயனே." அது பொதுவாக நூல் என்றால் என்ன என்று சொல்லும் பாயிரத்தில் வருகிறது. சங்கப் பாட்டை அந்தத் தராசில் வைத்தால் என்ன ஆகும் என்று குறுந்தொகை 25-ஐ எடுத்துப் பாருங்கள். கபிலர் பாடியது, ஐந்தே அடி. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னைக் களவில் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? பிறகு,

"தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே."

ஒரு குருகு, நீர்ப்பறவை, இருந்ததாம். தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றது. பெண்களே ஏமாறாதீர்கள் என்று கபிலர் ஒரு அடி சேர்த்திருக்கலாம். சேர்த்திருந்தால் நாம் குருகை மறந்திருப்போம். அந்தக் கால் எவ்வளவு மெல்லியது என்பதால் 'சமுதாயத்துக்கு' ஒரு பயனும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே சாட்சி அது, அந்தச் சாட்சிக்கும் மீன்மேல்தான் கண். அவளுடைய பயம் முழுவதும் அந்தக் காலில் நிற்கிறது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்து, 1966-ல் இதே கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய தனிநாயகம் அடிகள், சங்கப் பாட்டில் இயற்கை என்பதையே பொருளாக வைத்து ஒரு நூல் எழுதியவர். இந்தக் குருகு நமக்கு அந்நியம் இல்லை, தம்பி.

பாரதியையும் இழுப்பார்கள். "நமக்குத் தொழில் கவிதை நாட்டிற் குழைத்தல், இமைப்பொழுதும் சோரா திருத்தல்." மூன்றையும் தனித்தனியாக எண்ணிச் சொல்லியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கவிதை ஒரு தொழில். நாட்டிற்கு உழைப்பது இன்னொன்று. ஒன்றைச் செய்தால் மற்றது தானாகவே முடிந்துவிடும் என்று அவர் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

போட்டி நடத்துகிறவர்களைக் குறை சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. நம் நாட்டில் கதைக்குக் கருத்து கேட்கிற பழக்கம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கினார். அதன்பின் சீர்திருத்தப் பேச்சு இங்கே தோட்டம் தோட்டமாகப் பரவியது. சம்பள நாளில் காசெல்லாம் கள்ளுக்கடைக்குப் போன காலம், லயத்தில்கூடச் சாதி பார்த்துத் தண்ணீர் வாங்கிய காலம். ஒரு கதையைச் சத்தம்போட்டுப் படித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். அவர்களில் ஒருவர் கள்ளை விட்டாலும் போதும் என்று எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர்கள் கதையை மேடையாக ஆக்கியது வேறு மேடை இல்லாததால். இன்றைக்குக் குடியைப் பற்றிச் சொல்ல ஆலயம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது. பாட்டியின் விடியற்காலையைச் சொல்ல உங்கள் கதையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இன்னொன்றும் இந்த மண்ணில் நடந்தது. 1950-ல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். நாளிதழ் படிக்கிறவர்களுக்குச் சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்த வகுப்பு. தச்சு வேலை, தையல் வேலைபோலச் சிறுகதையும் கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை என்ற எண்ணம் நமக்குப் பாரிஸிலிருந்து வர வேண்டியதில்லை, இங்கேயே இருந்தது. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கதை.

திரும்பி வந்த பிறகு கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறீர்கள். பேரன் பட்டமளிப்பு உடையில் நின்று, பாட்டியின் வியர்வை வீண்போகவில்லை என்று சொல்கிற பத்தி. அதை எடுத்துவிடுங்கள். அது கிராணியின் குரல். முதலில் அனுப்பிய வடிவமே நல்லது. பாட்டி நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைவது, கொசுவுக்குத் துணியைக் கொளுத்தி இடுப்பில் கட்டிக்கொள்வது, மரத்துக்கு மரம் நின்று தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளிக்கு எத்தனை நடை என்று வாய்க்குள் எண்ணுவது எல்லாம் கண்ணில் நிற்கிறது. ஏழாவது மரத்தில் பால் பிடிக்கும் மங்குக்குள் தவளை உட்கார்ந்திருக்க, அதை விரலால் எடுத்துவிட்டு மங்கைத் துடைக்கிறாரே, அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திக் கொஞ்சம் வெளியே பார்த்தேன். அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

ஒரே ஒரு வரி எனக்குப் பொய்யாகப்பட்டது. "கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை லாவகமாக உரித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். 'லாவகமாக' என்ற சொல்லில் கை தெரியவில்லை. என் அம்மா கட்டைவிரல் நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, ஒரே இழுப்பில் நாடா மாதிரி உரித்து, விரலில் சுற்றி உருண்டையாக்கிப் பையில் போடுவார். அந்த நகம் கடைசிவரை கறுப்பாகவே இருந்தது. உங்கள் பாட்டி எப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது, கதையைப் படித்தும் தெரியவில்லை. பாட்டி இல்லை, ஆனால் உங்கள் அம்மா இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் போய், எந்தக் கை, எந்த விரல், உருட்டினாரா இல்லை அப்படியே பையில் போட்டாரா என்று கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள்.